மஞ்சள் தடவிய நோட்டீஸ்

அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அம்மா மெஸ் திறந்துவிட்டாள். சுற்றுலா வருகிறவர்களுக்கு பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுக்க, எஸ்டேட்டில் வேலையில்லாமல் இருந்த ஆராயி அக்காவைக் கூலிக்கு வைத்தோம். அவரோ தன் ஊரான கொட்டச்சேட்டுக்குப் போய், ஒவ்வொரு நோட்டீஸின் மூலையிலும் மஞ்சள் தடவி, வீடு வீடாகக் கையில் கொடுத்து அழைத்துவிட்டார்.

மதியம் ஊரே வந்தது, பலாப்பழமும் மிளகும் சீராக எடுத்துக்கொண்டு. அம்மாவால் காசு கேட்க முடியவில்லை. சுற்றுலா வேன்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

"ஏன்க்கா, பஸ் ஸ்டாண்டுல குடுக்கச் சொன்னேனுங்களே?" என்று கேட்டேன்.

"ரோட்டுல போறவங்க கையில திணிச்சா யாருங்க சாப்பிட வருவாங்க? ஊட்டுக்குப் போய்க் கூப்புடோணுமுங்க."

அதுகூடப் பரவாயில்லை. வந்தவர்கள் எல்லோரும், "ஊட்டுக்காரரு எங்கீங்க?" என்று கேட்டார்கள். நீங்கள் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போயிருப்பதாக அம்மா இலைக்கு இலை சொன்னாள். கடைசிப் பந்தியில் அது ஓசூர் ஆகிவிட்டது. நான் தலை நிமிராமல் ரசம் ஊற்றினேன்.

போகும்போது ஆராயி அக்கா மஞ்சள் தடவாமல் மீந்த ஒரு நோட்டீஸை என்னிடம் கொடுத்தார். "உங்கப்பாருக்கு யாரும் சொல்லலையா கண்ணு? கூப்புடாம எப்புடி வருவாரு?"

நீங்கள் வீட்டை விட்டுப் பையோடு படியிறங்கிய அன்று நாங்கள் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

அந்த நோட்டீஸை இதோடு வைத்து, நீங்கள் இருக்கும் சேலத்து அத்தை வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது நான். மஞ்சள் டப்பாவை எடுத்துத் தந்தது அம்மா.

உங்கள் மகள்