உன் துண்டு காய்ந்துவிட்டது

விடுதி அறை,
சனிக்கிழமை மதியம்.

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இப்போதைக்குப் பின்பாதியை மட்டும் வைத்துக்கொள். நலமறிய ஆவல். ரொம்ப ரொம்ப ஆவல்.

உன் போன் அணைந்தே கிடக்கிறது. அம்மாவுக்கு அடித்தால், பாவம், ஒவ்வொரு தடவையும் குரலைத் தாழ்த்தி, தூங்குறாம்மா, எழுந்ததும் பேசச் சொல்றேன் என்கிறார்கள். நீ எழுந்திருக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் காகிதத்துக்கு வந்தேன். இதை அணைத்து வைக்க முடியாதில்லையா. வேண்டுமானால் தலையணைக்கு அடியில் செருகி வை. என்றைக்காவது தலையணையைத் திருப்பிப் போடாமலா இருப்பாய்.

முதலில் இங்கத்துச் சமாசாரம். கேன்டீனில் டீ போட ஆள் மாறியிருக்கிறார். இவர் போடுவது டீ இல்லை, வெந்நீருக்குக் கொஞ்சம் வெட்கம் வந்த மாதிரி ஒரு நிறம். பக்கத்து அறைப் பாடகி குளியலறையில் அதே இரண்டு வரியைத்தான் பாடுகிறாள், மூன்றாவது வரி இந்த ஜென்மத்தில் வராது. உன் துறைப் பேராசிரியர், அதான், கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு மேசையெல்லாம் தேடுவாரே, அவர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். நல்லா இருக்காளா என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம்தான் தேர்வுப் பேச்சு. நீ விட்டுப்போன செய்முறைத் தேர்வை மாதக் கடைசியில் இரண்டாவது குழுவோடு செய்யலாமாம். டாக்டர் சீட்டு ஒன்று போதுமாம். முகம் சுளிக்கவே இல்லை மனுஷன்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. அது அவ்வளவு நன்றாக இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்லாவிட்டால் உன் கட்டிலை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்களாம். வார்டன் நேரிலேயே வந்து பார்த்தார். கட்டில் காலியாத்தானே இருக்கு என்றார். காலியாக எங்கே இருக்கிறது? என் அழுக்குத் துணி மொத்தமும் அதன் மேல்தான் கிடக்கிறது. அவரும் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

சரி, இனிமேல் சுற்றி வளைக்கவில்லை. நீ போன அன்றைக்கு நடந்ததற்கே வருகிறேன்.

வார்டன் உன் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. உங்க பொண்ணு கட்டிலை விட்டே எழுந்திருக்கிறதில்லை, துணி துவைக்கிறது, சாப்பிட இழுத்துட்டுப் போறது எல்லாம் இந்தப் பொண்ணுதான், இவளும் படிக்க வந்தவதானே என்று. அவர் பார்த்ததைச் சொன்னார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் அம்மா கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டாளாம்மா என்று கேட்டார்கள். நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை! இருங்க, இதோ வந்துடறேன் என்பதற்குத் தலையை ஆட்டிவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். குழாயோ சொட்டுச் சொட்டாக அழுதது. நான் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் வாசலில் வண்டி கிளம்பிவிட்டது. நீ பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது. அது ஆமாம் என்று ஆட்டிய தலை இல்லைடி. சத்தியமாக இல்லை. அதை நம்பியா இத்தனை நாள் போனை அணைத்து வைத்திருக்கிறாய்?

மற்றவர்களை விடு, உனக்காவது தெரிய வேண்டாமா? மழை பெய்த அந்த ஞாயிற்றுக்கிழமையை யோசித்துப் பார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் மேசை கொள்ளாத குப்பையை வைத்துக்கொண்டு உன்னை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ முகத்தைக்கூடத் திருப்பாமல், முதல்ல உன் மேசையைப் பாரு என்றாய். வந்ததே எனக்குக் கோபம்! அப்ப நீயே வந்து அடுக்கேன் என்று கத்தினேன். எழுந்து வந்து அடுக்கினாயே, மகராசி! உன் வேலைக்கு அசையாத உடம்பு என் குப்பைக்கு அசைந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்புறம் சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் உன் வாளியைத் தூக்கிக்கொண்டு துவைக்கப் போனேன். என் துணியே அப்போது மலையாகக் கிடந்தது, அதைத் தொட மனசு வரவில்லை. உன்னுடையதை அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அன்றிலிருந்து அதுதானே நம் அறையில் சட்டம்? அவரவர் வேலையை அவரவர் தொடக்கூடாது. உன் தலையை நான் சீவுவேன், என் தலையை நீ. என் துணி வாளியைக் கையில் திணித்து என்னைத் துவைக்க அனுப்புவாய், காய்ந்ததும் நீ மடிப்பாய். உன்னை நான் எழுப்புவேன், என்னை நீ புத்தகத்தின் முன்னால் உட்கார்த்தி, பக்கத்தைத் திருப்பி வைத்து, பேனா மூடியைக் கழற்றிக் கையில் கொடுப்பாய். ஆனால் துவைக்கிற கல் முற்றத்தில் இருக்கிறது. நான் உன் துணியைத் துவைப்பதை விடுதியே பார்த்தது. நீ மடித்து வைத்ததெல்லாம் கதவுக்கு உள்ளே, யார் கண்ணில் படும்? சாப்பாட்டுக்கு உன்னை நான் தரதரவென்று இழுத்துப் போனதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நீ வராவிட்டால் நான் சாப்பிடப் போகவே மாட்டேன் என்பது யாருக்குத் தெரியும்? எனக்கே இப்போதுதானே தெரிகிறது.

உன்னைப் பற்றிக் கேட்கத்தான் மாணவர் நல மையத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற அக்காவுக்கு அன்றைக்கு நல்ல ஜலதோஷம். என் தோழி வீட்டுக்குப் போயிட்டா, எழுந்திருக்கவே மாட்டேங்கிறா, நான் என்ன செய்யணும் என்று மூச்சு விடாமல் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே, நீ இன்னிக்கு என்ன சாப்பிட்ட என்றார். யோசித்தேன். முந்தின நாளையும் சேர்த்து யோசித்தேன். அழுகைதான் வந்தது. ஜலதோஷம் அவருக்கு, டிஷ்யூ பெட்டியைக் காலி செய்தது நான். மானம் போயிற்று, போ.

வியாழக்கிழமை திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்றுதான் உனக்கே தெரியுமே. எனக்காக நான் போகமாட்டேன். நீ கையைப் பிடித்து இழுத்தால் போவேன்.

இதற்குப் பிறகு உள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

அம்மா, உங்கள் பெண் என்னைக் கஷ்டப்படுத்தவில்லை. அன்றைக்கு என் வாயில் நுரை இருந்ததால் சொல்ல முடியாமல் போனதை இப்போது சொல்கிறேன். அவள் இல்லாமல் நான்தான் கஷ்டப்படுகிறேன். அவளை டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரை கொடுத்தால் கொடுத்தனுப்புங்கள், வேளை தவறாமல் விழுங்க வைப்பது என் பொறுப்பு. அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் எனக்குப் பாரமாக இருக்கிறாள் என்று நினைத்து மட்டும் அவளை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் வார்டனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அம்மா.

இனி உனக்கு மட்டும்.

அவசரத்தில் உன் துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். அதை எடுத்துத் துவைத்தேன். காய்ந்ததும் மறுபடி துவைத்தேன். யாருமே தொடாத துண்டு, அதில் என்ன அழுக்கு இருக்கும்? ஆனாலும் அதைத் துவைக்கும்போது மட்டும் கை தானாக ஓடுகிறது. முற்றத்தில் பாடகி என்னைப் பார்த்துவிட்டு, உனக்குப் பைத்தியமா என்றாள். இருக்கட்டும்.

நேற்று பல்லைக் கடித்துக்கொண்டு உன் கட்டில் மேல் கிடப்பதில் நாலு துணியை எடுத்து வாளியில் ஊறப்போட்டேன். அதுவரைக்கும் முடிந்தது. வாளியைத் தூக்க முடியவில்லை. இன்று மதியம் வரை கதவோரத்திலேயே இருக்கிறது, நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதல் வரியில் முன்பாதியை ஏன் விழுங்கினேன் என்று இப்போது புரிகிறதா?

நீ நன்றாக இருக்க வேண்டும்டி. தூங்க வேண்டுமென்றால் இங்கே வந்து தூங்கு, நான் எழுப்புகிறேன். உன் துண்டு காய்ந்துவிட்டது, மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். என் வாளி நாறுவதற்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
இன்னும் தலை சீவாத
உன் அலாரம்.