பொமா அம்மையாரின் நெற்றியில் இருந்த நீலம்

மார்ச் 11, திங்கள்

பழைய மாணவியர் சங்கத்தின்மீது எனக்குள்ள குற்றச்சாட்டுகள், தேதிவாரியாக:

1. பிப்ரவரி 18: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பொமா அம்மையாரின் உருவப்படத்தைப் பள்ளி மண்டபத்தில் மாட்டுவதற்காகப் பாஸ்டல் வண்ணக்குச்சிகளால் வரைந்து தரும்படி என்னைக் கேட்டவர்கள் அவர்களே. முடிந்த படத்தைப் பார்த்த சங்கத் தலைவி செர்வா, நெற்றியின் நீலத்தையும் தாடையடியின் ஊதாவையும் காட்டி, "மேடத்தை யாராவது அடிச்சாங்களா, பெடியாக்கோ சார்?" என்று கேட்டார்.

2. மார்ச் 2: பிரேம் போடுவதாகச் சொல்லிப் படத்தை எடுத்துச் சென்றார்.

3. மார்ச் 7: என்னைக் கேளாமல், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் யாவ் என்பவரிடம் கொடுத்து முகத்தைப் 'பளிச்சென்று' ஆக்கச் சொன்னார்.

4. மார்ச் 11: இதை எனக்கு எவரும் தெரிவிக்கவில்லை. வேறு வேலையாகப் பிரேம் கடைக்குப் போன நான், சுவரில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன்; மற்றதைக் கடைக்காரர் சொன்னார்.

அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. நான் வரைந்த முகம். எனக்கே.

மார்ச் 12, செவ்வாய்

கோபத்தில் எழுதினால் பிழை வரும். ஆகவே முதலில் என்ன இருந்தது என்பதை எழுதுகிறேன். சாக்லேட் நிறத் தாள். கருப்புக் குச்சியையும் வெள்ளைக் குச்சியையும் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. அம்மையாரின் தோல் கருப்பு அன்று. அது வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும் தோல். சன்னல் பக்க நெற்றியில் வானம் விழுந்தது, அதனால் அங்கே நீலம். கன்னத்தில் பனையெண்ணெயின் செம்மை. தாடைக்கடியில் ஊதா, அதற்கும் கீழே கரும்பச்சை. பத்தடி தள்ளி நின்றால் இவை எதுவும் தெரியாது. ஒரு பெண்மணி உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

இப்போது இருப்பது: எல்லாவற்றின்மேலும் வெளிறிய ரோஜா நிறம் தேய்த்த ஒரு பூச்சு. தாளின் சொரசொரப்பு முழுவதும் அடைபட்டுவிட்டது. போதாததற்கு அதன்மேல் நிறம் உதிராமலிருக்கும் திரவத்தையும் அடித்திருக்கிறார்கள். இனித் தட்டி உதிர்க்கவும் வழியில்லை.

ஸ்டுடியோவுக்குப் போய் யாவ்வைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "சார், செத்தவங்க பேனருக்கே மூஞ்சிய ரெண்டு படி வெளுப்பாக்கித்தான் குடுக்கிறோம். இல்லேன்னா வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. உயிரோட இருக்கிறவங்களுக்குச் செய்யாம விடலாமா?"

எந்தக் குச்சி என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார். அதைச் சுற்றியிருந்த தாளில் 'தோல் நிறம்' என்று அச்சிட்டிருந்தது.

மார்ச் 13, புதன்

யாருடைய தோல்?

மார்ச் 14, வியாழன்

செர்வாவுடன் தொலைபேசியில் பேசினேன். குரலை உயர்த்தவில்லை. அவருக்கு என் வருத்தம் புரிகிறதாம். ஆனால் பரிசளிப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறாராம். "பிள்ளைங்க தினம் பாக்கிற படம் சார். கொஞ்சம் செவப்பா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? மேடமே சந்தோஷப்படுவாங்க, பாருங்களேன்."

அந்தப் பிள்ளைகள் நிறம் வெளுப்பதற்காகக் கிரீம் தடவி முகத்தை உரித்துக்கொள்கிறார்கள் என்பது இவருக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் தலைக்கு மேலே, அந்த மண்டபத்தில், இதைக் கொண்டுபோய் மாட்டப் போகிறார்கள். என்ன மனுஷங்க இவங்க.

அவருடைய கடைசி வாக்கியம்தான் என்னை உறங்கவிடவில்லை. ஒருவேளை அம்மையார் உண்மையிலேயே சந்தோஷப்பட்டால்? அப்போது நான் யார் பொருட்டுக் கோபப்படுவது? இடுப்பு வலியோடு எனக்காக உட்கார்ந்தவர் அவர். இனி யாருக்கும் உட்கார மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டார். மறுபடி வரைய வாய்ப்பும் இல்லை.

மார்ச் 16, சனி

அம்மையாரைப் பிரேம் கடைக்கு அழைத்துச் சென்றேன். படத்தைப் பற்றி முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. கைத்தடியை ஊன்றி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார்.

"எந்த வழக்குல நான் ஜெயிச்சேன்?" என்றார்.

கடைக்காரர் வெடித்துச் சிரித்துவிட்டார். ஊர்த்தலைவரின் அரண்மனையில் நடக்கும் வழக்கில் வென்றவருக்குத்தானே எங்கள் ஊரில் முகமெல்லாம் வெள்ளைக் களிமண் பூசி ஊர்வலம் விடுவார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. தம் புறங்கையைப் படத்தின் கன்னத்தருகே கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். அவர் காலையில் பூசிய ஷியாக்கொட்டை வெண்ணெய் அந்தக் கையில் மினுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் படத்தின் கன்னம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"யாரு சொல்லி இது நடந்துச்சு?"

சொன்னேன்.

"செர்வாவா. படிக்கிறப்ப காலுல எண்ணெய் வெக்காம, தோல் வறண்டு சாம்பலாட்டம் வந்து நிப்பா. அசெம்பிளியிலேயே நிறுத்தித் தடவ வெச்சிருக்கேன். இப்ப எனக்கே சாம்பல் பூசிட்டா." பிறகு என் பக்கம் திரும்பினார். "இதச் சரிபண்ண முடியுமாப்பா?"

முடியாது என்றேன்.

"நாற்காலிக்கு ஒரு தலகாணி போட்டு வை. திங்கக்கிழம வர்றேன்."

மார்ச் 17, ஞாயிறு

சாக்லேட் நிறத் தாளை வெட்டி வைத்தேன். தலையணையும் வாங்கியாகிவிட்டது.

மார்ச் 18, திங்கள்

அதே சன்னல், அதே வெளிச்சம். நெற்றியின் நீலத்தை முதலில் வைத்தேன்; இம்முறை கொஞ்சம் தாராளமாகவே. வலி வந்தபோது தாடை இறுகியது, ஊதா கருத்தது, அதையும் வரைந்தேன். இடைவேளையில் அம்மையார் ஒரு கடிதம் சொல்ல, நான் எழுதினேன். என் வாசகம் ஒன்றுகூட அதில் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. கடிதத்தின் நகல்:

"செர்வா, என் முகத்தை வெளுக்க உனக்கு அதிகாரம் கொடுத்தது யார்? வெளுத்த படத்தை மண்டபத்தில் மாட்டினால் விழா மேடையில் நான் ஏறமாட்டேன். வாசலில் நின்று, ஏன் ஏறவில்லை என்று அமைச்சரிடம் சொல்வேன். பெடியாக்கோ புதிதாக வரைகிறார். அதைத் தொடாமல் மாட்டுவோம் என்று நீயும் உன் செயற்குழுவும் கையொப்பமிட்டு, மார்ச் 22 வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் எழுத்துமூலம் பதில் தரவேண்டும். நேரில் கொண்டுவருவதானால், காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வா."