நாற்காலித் துணியில் படிந்த கறை

1955 மார்ச் 7, திங்கள்

டாக்டரய்யா பொய் சொல்கிறார். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் சாய்வு நாற்காலியில், தலை சாயும் துணியில் படிந்திருக்கும் எண்ணெய்க் கறை அவருடைய தலையிலிருந்து வந்தது. அந்த நாற்காலியில் அவரைத் தவிர யாரும் உட்காருவதில்லை. ஆஸ்பத்திரி உதவியாள் நான், அதைத் துடைப்பதோடு சரி.

காலையில் தோட்டத்தை நடத்தும் துரை சுற்றிப்பார்க்க வந்தார். கறையைப் பிரம்பால் தொட்டு ஏதோ கேட்டார். டாக்டரய்யா கொஞ்சமும் தயங்காமல் என் வெள்ளைத் தொப்பியைக் காட்டினார். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். ‘ஆயில்’, ‘லைன்ஸ்’ இரண்டும்தான் எனக்குப் புரிந்தன. லைன்ஸ் என்றால் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகள், எங்கள் லயம். அதுவே போதும். துரை போன பிறகு டாக்டரய்யா எனக்குத் தமிழில் சொன்னார்: “காளியாயி, ஜூலை முடியிற வரைக்கும் பாப்பேன். தொப்பி இப்படியே அழுக்கா இருந்துச்சுன்னா, கூடையத் தூக்கிட்டு மலைக்கே போயிரு.”

அவர் பெயர் லியனார்ட். டாக்டர் இல்லை, மருந்து கலக்கிக் கொடுக்கப் படித்தவர். தோட்டமே டாக்டரய்யா என்கிறது, நானும்தான். கண்டியிலிருந்து வரவழைத்த பச்சைக் கிரீமைத் தலையில் அப்பிக்கொள்கிறார். ரோஜாப்பூ வாசம். அவர் பூசினால் நாகரிகம், நாங்கள் பூசினால் அழுக்கு.

என் தலை பிறவியிலேயே எண்ணெய் ஊறும் தலை. காலையில் குளித்தால் மாலையில் நெற்றியோரம் மினுங்கும். அதன்மேல் தேங்காயெண்ணெய் வேறு. தொப்பியின் உள்விளிம்பு மஞ்சளாகியிருப்பது உண்மை. அது என் கறை. நாற்காலிக் கறை என்னுடையது இல்லை.

எட்டாம் வகுப்புப் படித்துவிட்டு நாலு வருஷம் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தேன். திரும்பப் போக மாட்டேன்.

மார்ச் 9

இன்று முதல் எண்ணெய் இல்லை. தினமும் தலைக்குக் குளியல், ஆஸ்பத்திரிச் சிவப்புச் சவர்க்காரம். விடியற்காலையில் மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீர் மண்டையைப் பிளக்கிறது.

மார்ச் 13

கழுவக் கழுவ அதிகமாக ஊறுகிறது. நேற்றுச் சலவைச் சோடாவும் போட்டுப் பார்த்தேன். தோல் எரிந்து பொருக்கு உதிர்கிறது. ஆனாலும் மத்தியானம் திரும்புவதற்குள் அதே பிசுபிசுப்பு. தலை என்னோடு சண்டை போடுகிறது.

மார்ச் 20, ஞாயிறு

அம்மாவைப் பார்க்க மேல் டிவிஷன் லயத்துக்குப் போனேன். வாசலில் குந்தியிருந்த ஒருத்தி, “ஆஸ்பத்திரி அம்மா வர்றாங்க, எந்திரிங்கடி!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

அம்மா அடுப்போரம் கிண்ணத்தில் எண்ணெய் சூடாக்கி வைத்திருந்தாள்.

“வேணாம்மா.”

“ஏண்டி?”

“தொப்பி கறையாவுது.”

“தொப்பியா ஒன்னப் பெத்துச்சு? நான் உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ காஞ்ச தலையோட லயத்துக்குள்ள நடந்து வர்ற. நாலு பேரு என்னான்னு கேக்க மாட்டாங்களா?”

எங்களில் சாவு விழுந்த வீட்டில்தான் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எண்ணெய் வைத்தால் துக்கம் கழிந்தது என்று கணக்கு. அதற்கு முன் அந்தத் தலை எந்த நல்ல காரியத்துக்கும் ஆகாது. இதெல்லாம் மடத்தனம் என்று சொன்னேன். அம்மா கிண்ணத்து எண்ணெயைத் தன் உச்சியிலேயே தேய்த்துக்கொண்டாள். கூடைக் கயிறு இருபது வருஷம் அழுத்திய இடத்தில் அவளுக்கு முடி இல்லை. ஒரு விரல் அகலத்துக்கு வழவழவென்று இருக்கிறது.

வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என்னை இன்னொரு கை தொடும். அதையும் வேண்டாம் என்றுவிட்டு வந்தேன். மருந்து அறைக்குப் பக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டாக்டரய்யா வீட்டில் ரேடியோ பாடுகிறது. அவர்கள் வாசற்படிக்கு மேல் எனக்கு வேலையில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

வழி பிடிபட்டுவிட்டது. தினமும் குளிக்கக்கூடாது. வாரம் இரண்டு முறை சீயக்காய், அதுவும் உச்சியில் மட்டும். கடைசியாக ஆறிய தேயிலைச் சாயத்தில் அரை எலுமிச்சை பிழிந்து ஊற்றவேண்டும். ஈரத்தோடு முடிந்து தொப்பிக்குள் அடைத்தால் அவ்வளவும் வீண். சீப்பையும் கழுவவேண்டும், பழைய எண்ணெயைத்தான் சீப்பு திரும்பத் திரும்பப் பூசுகிறது. சும்மா சும்மா தலையைத் தொடக்கூடாது.

நல்ல தேயிலை கப்பலில் போகிறது. எங்களுக்குத் தரும் தூசியில் இந்த ஒரு பிரயோசனமாவது இருக்கிறது.

இன்று லயத்துக்குப் போகவில்லை.

ஏப்ரல் 10

ஐந்து நாளாகத் தொப்பி வெள்ளையாகவே இருக்கிறது. டாக்டரய்யா அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டார். நாற்காலிக் கறை இன்னும் கொஞ்சம் பரந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 14, வருஷப்பிறப்பு

லயம் முழுவதும் எண்ணெய் தேய்த்துக் குளித்து மினுங்கியது. என் முடி மட்டும் காற்றில் பறந்தது. அம்மாக்கண்ணு என்ற கிழவி என் முகத்துக்கு நேரே கேட்டாள்: “யாருடி செத்தா?”

“யாரும் சாவலை.”

“ஓங்கப்பன் செத்து ஆறு வருசமாச்சு. இப்பத்தான் துக்கம் வந்துச்சாக்கும்.”

அவள் மருமகள் பேச்சியம்மா சிரிக்கவில்லை. ஆறுமாச வயிறு அவளுக்கு. போன வருஷம் லயத்து அறையிலேயே பெற்று, பிள்ளை நீலமாகிச் செத்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்கு வா என்று சொன்னேன். “நீ இருப்பியா?” என்றாள். இருப்பேன் என்றேன்.

அம்மா சோறு போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே 2

இன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது விளக்கை ஏற்றும்போதுதான் தெரிந்தது.

ஜூலை 6, புதன்

பேச்சியம்மாவைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிவந்தார்கள். காலை பத்து மணி, நல்ல மழை. மருத்துவச்சி பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்த்து ஒருத்திதான். இன்று அங்கே போயிருந்தாள். டாக்டரய்யா ஹட்டன் டவுனுக்குப் போயிருந்தார். மருத்துவச்சியோடு நின்று பதினொரு பிரசவம் பார்த்திருக்கிறேன். கை கழுவிக்கொண்டு குனிந்தேன். பேச்சியம்மா வலியில் கையை வீசினாள். தொப்பி கழன்று விழுந்தது.

அம்மாக்கண்ணு மாரில் அடித்துக்கொண்டாள். “எழவுத் தலையோட புள்ளத்தாச்சியத் தொடுறாளே! போன புள்ளையத்தான் குடுத்துட்டோம், இதையும் குடுக்கவா? தூக்குங்கடா!”

தூளிக் கம்பை ஆண்கள் எடுத்துவிட்டார்கள். நான் கத்தினேன். யாரும் சாகலை, என் தலை இது, கழுவின தலை. கேட்கிற காது அங்கே இல்லை. மேல் லயத்துக்கு இரண்டு மைல். மழையில், வழுக்குப் பாதையில். வழியிலேயே பிறந்துவிடும். அல்லது இரண்டும் போய்விடும்.

பிறந்த பிள்ளைகளுக்குத் தடவ வைத்திருக்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தல் அலமாரியில் இருந்தது. எடுத்து அப்படியே உச்சியில் கவிழ்த்தேன். அம்மாக்கண்ணுவுக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் தேய்த்தேன். புருவத்தில் இறங்கி, காதில் இறங்கி, சட்டைக் கழுத்து நனைந்தது.

அவள் என் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “இப்பத் தொடு” என்றாள்.

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரி விதி அப்படி.

பெண் குழந்தை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. லயத்தில் என்றால் போயிருக்கும். எடுத்துவிட்டேன், அழுதது. பேச்சியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எத்தனை மாசமாயிற்று யாராவது பிடித்து. நான் அழுதேனா? எண்ணெய்தான் கண்ணில் எரிந்தது என்று எழுதி வைக்கிறேன்.

மூன்று மணிக்கு டாக்டரய்யா வந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தார்.

ஜூலை 8

டாக்டரய்யா துரைக்கு ரிப்போர்ட் எழுதி, எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். தொப்பி, சட்டை, தரை எல்லாம் எண்ணெய், பல முறை எச்சரித்தும் திருந்தவில்லை, நாற்காலியைக்கூடக் கறையாக்கினாள். பிள்ளை பிறந்தது பற்றி ஒரு வரிகூட இல்லை.

“பிரசவத்த யாரு சார் பாத்தா?” என்று கேட்டேன்.

“வாயக் காட்டாத. இன்னைக்கே அறையக் காலி பண்ணு.”

ஜூலை 10, ஞாயிறு

லயம். அம்மா கிண்ணத்தைச் சூடாக்கி, என் பின்னால் உட்கார்ந்தாள். “இப்புடிப் பொருக்கா வச்சிருக்கியே மண்டைய” என்று மட்டும் சொன்னாள். நான் தலையைக் கொடுத்தேன்.

ஜூலை 12

துரைக்குக் கடிதம் எழுதி ஆபீஸில் கொடுத்தேன். துரைக்குத் தமிழ் தெரியும், எங்களை ஏசும் அளவுக்காவது. வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. நாற்காலித் துணியை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 19

பதில் இல்லை. இன்னொன்று எழுதிக் கொடுத்தேன். கணக்குப்பிள்ளை அதை விரித்துக்கூடப் பார்க்காமல், “கொழுந்து எடுக்கிற வழியப் பாரு தாயி” என்றார்.

ஜூலை 31, ஞாயிறு

இன்றோடு என் தவணை முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் இப்போது தெரேசா என்ற பெண் இருக்கிறாளாம், டாக்டரய்யா வீட்டம்மாவின் உறவு. குட்டையாக வெட்டிய முடி, தொப்பி பளிச்சென்று இருக்கிறதாம். இருக்கட்டும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

மூன்று வாரமாக மலையில் நிற்கிறேன். கயிறு ஏறும் இடத்தில் முடி உதிரத் தொடங்கிவிட்டது. பக்கத்து நிரையில் பறிக்கும் பெண்கள் நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். இவள் எழுதுகிறவள், எதையாவது எழுதிவிடுவாள் என்று பயமாம்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு லெட்சுமிக்கு லயத்து அறையிலேயே பிரசவம். எனக்கு ஆள் விட்டார்கள். மலையிலிருந்து ஓடிவந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. “ஆஸ்பத்திரிக்கு ஏன் போவலை?” என்று கேட்டேன். “நீ அங்க இல்லையே” என்றாள்.

இப்போது அந்த வீட்டில் உண்மையாகவே யாருக்கும் தலையில் எண்ணெய் இல்லை.

மூன்றாம் கடிதத்தை நாளைக் காலை பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், துரையின் கையிலேயே கொடுப்பேன். அவர் வாங்கமாட்டார் என்று தெரியும். அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

துரை அவர்களே, அந்த நாற்காலித் துணியைக் கழற்றி ஒருமுறை முகர்ந்து பாருங்கள். தேங்காயெண்ணெய் வாசமா, ரோஜாப்பூ வாசமா? சொல்லுங்கள்.