பீளமேட்டிலிருந்து ஒரு நேயர்

செவ்வாய், இரவு

முன்பெல்லாம் எங்கள் சேனலின் காலை நிகழ்ச்சிக்கு லைன் கிடைப்பதே அரிதாம். இப்போது யாரும் அழைப்பதில்லை. அதனால் எங்களில் ஒருவர் பக்கத்து அறையிலிருந்து நேயராகப் பேசுவார். விருந்தினரிடம் சொல்வதில்லை.

இன்று என் முறை. வந்திருந்தவர் மனநல மருத்துவர், வயதான அம்மா. "பீளமேட்டுல இருந்து பேசறேனுங்க. ரெண்டு மாசமாத் தூக்கமே இல்லீங்க" என்றேன், எழுதி வைத்திருந்தபடி.

"கூட யாரு கண்ணு இருக்காங்க?"

அது தாளில் இல்லை. "யாருமில்லீங்க" என்றேன். குரலைக் கொஞ்சம் உடைத்தும் காட்டினேன்.

முடிந்ததும் நேராக எங்களிடம் வந்தார். "அந்தப் புள்ளையோட நம்பர் வேணுமுங்க. அதக் கேட்டுப்போட்டு எப்படீங்க ஊட்டுக்குப் போறது?"

"நம்பர் விழலீங்க டாக்டர்" என்றார் தயாரிப்பாளர். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் குரல் தெரிந்துவிடும்.

தன் எண்ணைச் சீட்டில் எழுதி என் கையில் திணித்தார். "மறுபடி கூப்பிட்டா குடுத்துருங்க அம்மணி."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரவு ஒன்பது மணிக்கு அந்த எண்ணுக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"காலைல பேசுன புள்ளையா? வெச்சுப்போடாத கண்ணு."

வைத்துவிட்டேன்.

அதிலிருந்து அவர் அழைத்துக்கொண்டே இருக்கிறார். இதை எழுதும்போதும் மேசைமேல் போன் அதிர்கிறது.