வராதவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள்

புத்தகத்தைத் திறந்ததும் புதுப் பெயின்ற் அடித்த கதவின் மணம் வந்தது, மச்சான். வழவழப்பான தாள். அட்டையில் நம்முடைய வாவி, வானத்திலிருந்து எடுத்த படம். ஓரத்தில் வெள்ளைச் சிறகு ஒன்று. போன மாதம் ஒரு காலை அந்த விமானக் கம்பனியிலிருந்து ஒரு பெண் பிள்ளை கொண்டு வந்து தந்தாள். கம்பனியின் வரலாறாம். மலிவு டிக்கட்டில் சாதாரண சனத்தை ஏற்றத் தொடங்கிய கம்பனி, இன்று முழு விமானத்தையும் வசதியுள்ளவர்களுக்கு வாடகைக்கு விடும் கம்பனியாக வளர்ந்த கதை. வளர்ந்த என்பது அவர்கள் போட்ட சொல், என்னுடையதல்ல. மட்டக்களப்பிலிருந்து முதல் நாள் பறந்தவர்களில் ஒருவன் என்று என்னைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். விழாவில் மாலை போட்டுப் படம் எடுக்க வேண்டுமாம்.

புத்தகம் இங்கிலீசில் இருக்கிறது. பள்ளிக்கூடம் எனக்கு இங்கிலீசு தரவில்லை என்பது உனக்குத் தெரியும். விமான நிலைய வாசலில் என் வாடகை வான் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்களுக்குக் காத்திருந்த நேரங்களில், அகராதியை மடியில் வைத்து நானே படித்தது. அது போதுமாக இருந்தது. நம் ஊரைப் பற்றி ஒரு பக்கம்தான். இங்குள்ளவர்கள் ஆசனத்தைப் பதிந்துவிட்டு வராமல் விடும் பழக்கம் உள்ளவர்களாம். உள்ளூர்ப் பொறுப்பாளர் அதைக் கட்டுப்படுத்தத் தவறினாராம். அதனால் சேவையை நிறுத்த வேண்டி வந்ததாம்.

உள்ளூர்ப் பொறுப்பாளர் என்றால் நீ. உன் பெயரைப் போடக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை.

சண்டை ஓய்ந்து சில காலத்தில் அவர்கள் வந்தார்கள். இரண்டு பழைய சின்ன விமானங்கள், ஒரு தகர மேசை, ஒரு பதாகை. பஸ்ஸில் போகிறவர்களும் இனிப் பறக்கலாம் என்று பதாகை சொன்னது. தேத்தண்ணி கிடையாது, தண்ணீர்ப் போத்தல் நாமே கொண்டுபோக வேண்டும், கைப்பை ஒன்றுக்கு மேல் கூடாது. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கொழும்புக்கு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்கிய சனம் நாம். உன்னைக் கவுண்டரில் இருத்தினார்கள். நீ தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம் பகிர்கிற அதே முகத்தோடு டிக்கட்டைப் பகிர்ந்தாய்.

விமானம் சின்னது என்பதால் பயணப்பையோடு ஆளையும் நிறுக்க வேண்டும். அதற்கு நீ அரிசி ஆலையொன்றிலிருந்து தராசு வாங்கி வந்தாய். களுதாவளையிலிருந்து வந்த அந்த அக்கா, மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போனவ, தராசைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

"என்ன தம்பி, என்னய நெல்லு மூடையெண்டு நினைச்சியா?"

"நெல்லு மூடையெண்டா பின்னுக்குப் போட்டிருப்பன் அக்கா. நீங்க யன்னலோரம் இருக்கப்போற ஆள்."

"அப்ப இந்த வான்காரன வெளிய போகச் சொல்லு. தராசு முள்ள நீ மட்டும் பாரு. ஊருக்குள்ள கதை வந்துதெண்டா உன்னத்தான் வந்து கேப்பன்."

மறுநாள் தராசைச் சுற்றி ஒரு சேலை தொங்கியது. உன் மனைவியின் பச்சைச் சேலை. அவ ஒரு கிழமை உன்னோடு பேசவில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் அந்தச் சேலையை எழுதியிருக்க வேண்டும். அவர்கள் விமானத்துக்கு அடித்த புது நிறத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? வவுணதீவுப் பக்கத்திலிருந்து ஒரு இளம் தாய், இருதயத்தில் ஓட்டையுள்ள கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். அன்றே கொழும்பு ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். விமானம் நிறைந்துவிட்டது. இடமில்லை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. எழுந்து நின்று வரிசையைப் பார்த்தாய். அவ்வளவுதான். காத்தான்குடித் துணிக்கடைக்காரர் ஒருவர், பெருநாளுக்குச் சரக்கு எடுக்கப் போகவிருந்தவர், தான் ரயிலில் போவதென்று தன் பையைத் தூக்கிக்கொண்டு விலகினார்.

"இந்தப் புள்ளய ஏத்துங்க. நான் கோச்சியில போறன்."

"ஹாஜியார், இது மலிவு டிக்கட். திரும்பக் காசு ஒண்டும் தரமாட்டானுகள்."

"தராட்டிக் கிடக்கட்டும். துணி எங்கயும் ஓடிப்போகாது."

அதற்குப் பிறகு அது ஊர் வழக்கமாகிவிட்டது. நோயாளி வந்தால் நீ கவுண்டரில் எழுந்து நிற்பாய். ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. யாராவது ஒருவர் எழும்பிவிடுவார். ஒருமுறை கிரானிலிருந்து வந்த வெள்ளாமைக்காரர் எழும்பினார், வழக்குத் தவணைக்குப் போக வேண்டியவர். ஒருமுறை ஒரு கன்னியாஸ்திரி. ஒருமுறை, கலியாணம் முடித்து மாலைகூடச் சரியாக வாடாத ஒரு சோடி, இரண்டு பேரும். எழும்பியவர்களை என் வானில் ஏற்றி கோச்சி ஸ்டேஷனில் விடுவது என் பங்கு. சிலர் வழியெல்லாம் புறுபுறுப்பார்கள். அடுத்த முறை அவர்களே முதலில் எழும்புவார்கள்.

இங்கேதான் வந்தது வினை. நோயாளிக்குக் கவுண்டரில் புது டிக்கட் வெட்டப்படும். எழும்பிப் போனவரின் பெயருக்கு நேரே கொழும்பில் இருந்த கம்பியூட்டர் "வரவில்லை" என்று பதிந்துகொள்ளும். வந்து, வரிசையில் நின்று, சேலைக்குப் பின்னால் நிறுத்துப் பார்த்து, கடைசியில் இடம் கொடுத்தவர், வராதவர் ஆனார்! நீ தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"அவங்க வந்தவங்க சேர். வந்து, எழும்பிக் குடுத்துட்டுப் போனவங்க."

"அவர் பறந்தாரா?" என்று மறுமுனையிலிருந்த குரல் கேட்டது.

"இல்ல."

"அப்ப அவர் வரல்ல."

நீ ரிசீவரை மெதுவாக வைத்தாய். நான் என்றால் உடைத்திருப்பேன்.

பிறகு கம்பனி கை மாறியது. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின. கிழமையில் பல நாள் ஓடிய விமானம் குறைந்து குறைந்து வந்தது. ஒருநாள் கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பேர் கொழும்பிலிருந்து வந்து, இந்த ஊர்ச் சனத்தை நம்பி விமானம் ஓட்ட முடியாது என்றார்கள். அந்த விமானம் ஒருநாளாவது வெறுமையாகப் போனதா? எழும்பிய ஆசனத்தில் உடனே ஒரு ஆள் இருந்தாரே! அதை நீ சொன்னாய். "உங்கட நல்ல மனசு எங்களுக்கு விளங்குது. ஆனா இது தொழில்" என்றார்கள். தகர மேசையைத் தூக்கினார்கள். உன்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் அந்த விமானங்கள் ஹோட்டல் விருந்தாளிகளுக்கும், வாவிக்கு மேலே கலியாணப் படம் எடுக்கிறவர்களுக்கும், பெரிய மனிதர்களுக்கும் மட்டுமே.

உன் நெஞ்சு வலித்த நாளைப் பற்றி நான் யாருக்கும் அதிகம் சொன்னதில்லை. கொழும்புக்குக் கொண்டுபோங்கள், சுணங்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். அன்று மத்தியானம் அவர்களுடைய விமானம் ஒரு சோடியை இறக்கிவிட்டு, வெறுமையாகக் கொழும்பு திரும்ப நின்றது. உன்னை வானில் படுக்கவைத்தபடி நேரே வாசலுக்கு ஓட்டினேன். விமானியாக இருந்த பொடியன் உன்னை அடையாளம் கண்டு இறங்கி வந்தான். கொழும்புக்குப் போன் எடுத்தான். தனி ஆட்களை ஏற்ற முடியாது, வேண்டுமென்றால் முழு விமானத்தையும் பதியச் சொல்லு என்று பதில் வந்தது. வெறுமையாகப் போகிற விமானத்தை! நான் கத்தினேன். வாசல் கம்பியைப் பிடித்து உலுப்பினேன். நீ உள்ளேயிருந்து கூப்பிட்டாய்.

"விடு மச்சான். அந்தப் பொடியன்ட வேலை போயிரும்."

அந்த நேரத்திலும் நீ இன்னொருவனுக்காக எழுந்து நின்றாய். அதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. ரோட்டால் போனோம். மன்னம்பிட்டி தாண்டுகையில் உன் மனைவி உன் பெயரைச் சொல்லி அழைத்தா. நீ பதில் சொல்லவில்லை. பறந்திருந்தால் பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது. நம் தலைக்கு மேலே வெறும் ஆசனங்கள் போயின என்பது மட்டும் தெரியும்.

புத்தகம் கொண்டு வந்த அன்று அந்தப் பிள்ளை என் முன்னால் கதிரை நுனியில் இருந்தாள். நம்ம ஊர்ப் பிள்ளைதான், நல்ல பிள்ளை. அந்தப் பக்கத்தைக் காட்டி, இதைத் திருத்தினால் வருகிறேன் என்றேன். வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு முகம் மலர்ந்து வந்தாள்.

"சந்தோசமான செய்தி அங்கிள். அடுத்த பதிப்பில அந்த வசனத்த முழுசா எடுத்துவிடுறாங்களாம்."

"எடுக்க வேணாம் மகள். திருத்தச் சொல்லு. வந்தாங்க, எழும்பிக் குடுத்தாங்க எண்டு போடச் சொல்லு."

"அது கஷ்டம் அங்கிள். ஏன் நிப்பாட்டினீங்க எண்டு பிறகு எல்லாரும் கேப்பாங்கதானே?"

"கேக்கட்டும். அதுக்குத்தான் சொல்றன்."

"இந்த வயசில ஏன் அங்கிள் இவ்வளவு கோவம்? ஒரு படம்தானே?"

தேத்தண்ணி கொடுத்து, வாசல் வரை போய் அனுப்பிவைத்தேன். படம் கொடுக்கவில்லை. விழாவுக்கும் போகமாட்டேன். பொய்யை அழித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுவது எனக்குப் போதாது. அப்படி விட்டால் நீ தவறு செய்தவனாகவும் இருக்கமாட்டாய், நல்லது செய்தவனாகவும் இருக்கமாட்டாய். ஒன்றுமே நடக்காதது போலாகிவிடும்.

நீ இருந்தால் விடச் சொல்லியிருப்பாய். உன்னிடமிருந்து எத்தனையோ எடுத்துக்கொண்டேன், மச்சான். அந்தப் பொறுமையை மட்டும் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. எழும்பியவர்கள் பலரின் முகமும் ஊரும் எனக்குத் தெரியும். அவர்களைக் கோச்சிக்கு ஏற்றிவிட்டவன் நான். மருந்துக்குக் கிளினிக் வரிசையில் நிற்கும்போதும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடமும், ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். காத்தான்குடிக்காரர் வந்தார். கிரான்காரர் வந்தார். அந்தக் கன்னியாஸ்திரி வந்தா. கலியாணச் சோடியும் வந்தது. இந்த ஊர் வந்தது. கேட்டவர்களுக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். சிலர் கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று முகத்தைத் திருப்புகிறார்கள். இல்லைதான். எனக்கு வேறு வேலையில்லை.