தச்சருக்கு ஒரு பிரசங்கம்

பிப்ரவரி 17, திங்கள்

என் அன்பான நர்ஸம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் நலம். மகள் பிரசவத்துக்கு நீ போனதிலிருந்து வீடுதான் உன்னைத் தேடுகிறது. பேத்தி ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுகிறாளாமே. என் தொண்டை வந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. போனில் நானே பேசிக்கொண்டிருக்கிறேன், உனக்கு முறையே வருவதில்லை என்றாயே, அதனால்தான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை முழுக்கக் கல்யாண வீடு, ஒழுகும் கூரை என்று ஓடிவிட்டது. ஞாயிறு காலை பல் துலக்கிக்கொண்டே வசனத்தைப் பார்த்தேன். ஆனால் பிரசங்க மேடையில் வார்த்தை கொட்டியது. "இன்னிக்குப் பிரமாதம் பாஸ்டர்" என்று பொருளாளர் கையைக் குலுக்கினார். பரிசுத்த ஆவியானவர் வார்த்தை தருவார் என்று விட்டுவிட வேண்டியதுதான். இத்தனை வருஷம் வீணாக மண்டையை உடைத்துக்கொண்டேனோ என்னவோ.

முக்கியமான சேதி. மனைவி இறந்ததிலிருந்து ஆலய வாசலை மிதிக்காத தச்சர், நான் விடாமல் கேட்டதில், மார்ச் இரண்டாம் தேதி வருகிறேன் என்றிருக்கிறார்.

உன் வாயாடி

பிப்ரவரி 21, வெள்ளி

அன்புள்ள உங்களுக்கு,

மகளும் குழந்தையும் சுகம். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

பாராட்டு வந்ததில் சந்தோஷம். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிகிற எந்தப் பிரசங்கத்தையும் பொருளாளர் பிரமாதம் என்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆளில்லாத ஆலயத்தில் பெஞ்சு பெஞ்சாகப் போய் உட்காருவீர்களே. இது தையல்காரம்மா இடம், இது வேலை போனவர் இடம் என்று அவரவர் இடத்திலிருந்து வசனத்தைப் படித்துப் பார்ப்பீர்கள். அப்புறம் நான் துணி தேய்க்கும்போது பிரசங்கம் முழுவதையும் ஒப்பிப்பீர்கள். நான் "இது வேணாம்" என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிடுவீர்கள். நான் அங்கே இல்லை என்று அதையெல்லாம் மூட்டை கட்டி வைக்க வேண்டாம். தச்சர் வருகிற வாரமாவது உட்காருங்கள். அவர் கடைசி பெஞ்சில்தான் இருப்பார்.

அன்புடன்,
நர்ஸம்மா

மார்ச் 3, திங்கள்

என் அன்பானவளுக்கு,

தச்சர் வந்தார். சலவைச் சட்டை போட்டு, நீ சொன்னபடியே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் எதுவும் படிக்கவில்லை. சனிக்கிழமை விருந்தாளிகள் என்று சாக்குச் சொல்லலாம், உன்னிடம் செல்லாது. இயேசு பிடிபட்ட இரவில், விழித்திருக்கச் சொல்லியும் சீடர்கள் தூங்கிப்போன பகுதி. பாதியில் வார்த்தை வறண்டுபோய், வாய்க்கு வந்த கதையை எடுத்துவிட்டேன். மனைவி சாகக் கிடக்கும்போது வேலையே கதி என்று வெளியூர் போய், எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்த கணவன் கதை. அவனைத் திட்டியும் தீர்த்தேன். நிமிர்ந்தால், தச்சர் குடையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போகிறார்.

மனைவியை இழந்தவர் முன்னால் சொல்லுகிற கதையா அது? என் சோம்பேறித்தனத்துக்கு ஆவியானவர் பெயரை வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அவர் வீட்டுப் பக்கம் போகக் கால் வரவில்லை. என்ன செய்யட்டும், சொல்.

உன்னவன்

மார்ச் 7, வெள்ளி

அன்புள்ள உங்களுக்கு,

கோபத்தில் எழுதிய முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது.

தச்சர் மனைவியைக் கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட நர்ஸ் நான். அதற்கு மேல் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். என்னிடம் ஒப்பித்திருந்தால் அந்தக் கதை வீட்டு வாசலைத் தாண்டியிருக்காது.

போய் மன்னிப்புக் கேளுங்கள். விளக்கம் கொடுக்காதீர்கள். விளக்க ஆரம்பித்தால் நீங்கள் நிறுத்த மாட்டீர்கள். அப்புறம் அதே பகுதியை ஒழுங்காகப் படியுங்கள். கூரை ஒரு வாரம் ஒழுகட்டும்.

உங்கள்மேல் பிரியம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நர்ஸம்மா

மார்ச் 18, செவ்வாய்

என் உயிருக்கு,

மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வாரம் முழுக்கப் படித்தேன். சனிக்கிழமை அவர் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பகுதியை வாசித்தபோதுதான், கடிந்துகொண்ட இடத்தோடு அன்று நான் நிறுத்திவிட்டது தெரிந்தது. தூங்கிப்போனவர்களை ஆண்டவர் விட்டுவிட்டுப் போகவில்லை. எழுப்பித் தம்மோடு வரச் சொன்னார். அதைத்தான் எழுதி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. வந்தவர்களுக்குச் சொன்னேன். ஆனால் மனசு ஆறவில்லை. நேற்று அவர் பட்டறைக்கே போய், "உங்களுக்காகத் தயார் பண்ணினது, இங்கேயே சொல்லட்டுமா?" என்றேன். கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். பிறகு மெஷினை நிறுத்தினார்.

மரத்தூளில் நின்றபடி சொல்லி முடித்தேன். அவர் அழுதார். பிறகு ஒன்று சொன்னார். அதை உனக்கு எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ முன்பே அறிந்ததாகத்தான் இருக்கும். நானும் கேட்கப்போவதில்லை.

கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறு எந்தப் பகுதி பாஸ்டர்?" என்று கேட்டார். இன்னும் படிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

"நீங்க படிச்சிட்டு வாங்க," என்றார். "நானும் வரேன்."

உன் அன்புக்குரியவன்