பிளாஸ்டர் அறையில் என் அரை மணி நேரம்

மார்ச் 4, திங்கள்

பொய்ப்பல் செய்கிற வேலைக்கு வாய் எதற்கு என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். இன்று மேலாளர் புதுச் சட்டம் போட்டார். மதியம் எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டுமாம், ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டுமாம். "நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?"

குடும்பத்தோடு சாப்பிடும்போதே நான் பேசமாட்டேன், ஐயா!

பிளாஸ்டர் மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் அந்த அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்தால்தான் சாயங்காலம் வரை எனக்குக் கை நிதானமாக ஓடும். அதையும் பிடுங்கிக்கொண்டாயிற்று.

மார்ச் 6

என் முறை. "கதை எதுவும் இல்லை" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் — ஓயாமல் பேசுவதால் எல்லாருக்கும் அவர் 'ரேடியோ' — என் பங்கையும் சேர்த்து அவரே பேசித் தீர்த்தார். நன்றி சொல்வதா, தலையில் அடித்துக்கொள்வதா?

மார்ச் 7

தலைவலி.

மார்ச் 11

இடப்பக்கக் கோரைப்பல்லை மெழுகில் செதுக்கிக்கொண்டிருந்தேன். மேலாளர் மூன்று தடவை தோளைத் தட்டினார். "ஒரு நிமிஷம்மா." எதற்கு? ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து எங்கே போகலாம் என்று கேட்க! திரும்பி வந்து வலப்பக்கத்துக்குச் செதுக்கித் தொலைத்திருக்கிறேன். வார்த்தெடுத்த பிறகுதான் தெரிந்தது. நாளை பல் வைக்க வரவேண்டியவர் இன்னும் ஒரு வாரம் வாயைப் பொத்திக்கொண்டு திரியவேண்டும்.

அதற்கு மேலாளர் சொன்னது: "கொஞ்சம் கலகலப்பா இருந்தீங்கன்னா இப்படியெல்லாம் ஆகாதும்மா."

வயிறு எரியுது. தட்டினது யாரு? நானா?

அக்காவிடம் போனில் கொட்டினேன். "என்கிட்ட கத்தி என்னடி பிரயோஜனம்? அந்த ஆளுகிட்ட சொல்லு."

மார்ச் 12

சொல்லிவிட்டேன். குரல் கீச்சிட்டது, பரவாயில்லை.

"சார், மதியம் அரை மணி நேரம் என்னோடது. தனியாத்தான் சாப்பிடுவேன். வேலை செய்யும்போது தோளைத் தட்டாதீங்க. ஒரு சீட்டு எழுதி வைங்க, முடிச்சுட்டு நானே வர்றேன்."

"கோவமா இருக்கீங்களா?"

"ஆமா சார்."

முகம் சுருங்கிவிட்டது. நான் இங்கே ஒத்துவருவேனா என்று யோசிக்க வேண்டுமாம். யோசிக்கட்டும். வேலை போனால் போகட்டும் என்று எழுதலாம்தான் — ஆனால் அடுத்த மாத வாடகையை யார் கொடுப்பது? சாப்பாட்டை மட்டும் பிளாஸ்டர் அறையில்தான் சாப்பிட்டேன்.

மார்ச் 20

காலையில் மேஜைமேல் ஒரு சீட்டு: 'முடிச்சதும் வாங்க.' தோள் பிழைத்தது.

மதியம் பிளாஸ்டர் அறைக் கதவு திறந்தது. ரேடியோ! வந்ததே எனக்குக் கோபம். சாப்பாட்டு டப்பாவோடு வாடிப்போய் நின்றார்.

"இங்க உக்காரட்டுமா? பேசிப் பேசி வாய் வலிக்குதும்மா. கொஞ்சம் சும்மா இருந்தா, உடம்பு சரியில்லையான்னு கேக்கிறாங்க."

"ஒரு வார்த்தை பேசினாலும் வெளியே போயிடணும்."

தலையாட்டினார். காலி வாளியைக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

எழுந்து போகும்போது நன்றி சொல்ல வாயைத் திறந்தார். முறைத்தேன். மூடிக்கொண்டார்.